நைனா படுத்திருக்கும் காட்சி

மாமல்லபுரம்
19-1-2000

அக்கா,

காசிநாதன் எழுதுகிறேன். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவாய் என்றுதான் விலாசத்தை ரெபேக்காளை எழுதச் சொன்னேன். அவள் என் மனைவி. கல்பாக்கம் டவுன்ஷிப்பில் ஒரு நர்சரி பள்ளியில் வேலை பார்க்கிறாள். இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

பொங்கலுக்கு முந்தின நாள் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் மாமாவைப் பார்த்தேன். உன் வீட்டுக்காரர் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அம்மாவுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கி இடது கண் போய்விட்டது என்றும், வலது கண் இந்த வருஷம் தாங்கினால் பெரிய விஷயம் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார் என்றும் சொன்னார். எனக்கு நீ சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்கவும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். முப்பதாம் தேதி ஞாயிறு மதியம் டிவியில் 'மூன்றாவது மதகு' போடுகிறார்கள். தொண்ணூற்றொன்றில் நம் ஊருக்கு வந்து ஏரிக்கரையில் எடுத்தார்களே, அதே படம்தான். விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, நீயும் பார்த்திருப்பாய். அம்மா அதை இன்னும் பார்க்கவில்லை. நைனா முகம் மறந்துபோகிறது என்று அம்மா உட்கார்ந்து அழுகிறாளாமே. கண் இருக்கும்போதே ஒரு தடவை காட்டிவிடு. நைனா வருகிற இடம் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால்.

எனக்கு அந்தப் படத்தின் மேல் பைத்தியம் என்று ரெபேக்காள் சொல்கிறாள். இருக்கலாம். செங்கல்பட்டு தியேட்டரில் பார்த்தேன், திருப்போரூர் டென்ட் கொட்டகையில் பார்த்தேன், வீடியோ கோச் பஸ்ஸில் பார்த்தேன், கேசட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். ஏரித் தண்ணீருக்காக அண்ணனும் தம்பியும் பேசாமலே கிழவர்களாகிற கதை, அதில் ஒன்றும் புதுசு இல்லை. எனக்குப் பிடித்ததே அதில் நம் பக்கத்து ஊர்கள் தப்புத் தப்பாக ஒட்டியிருப்பதுதான். தம்பிக்காரன் நம் ஏரிக்கரை மேல் சைக்கிளை மிதிக்கிறான். ஒரு திருப்பம் திரும்பினால் சாளுவன்குப்பம் சவுக்குத் தோப்பு வந்துவிடுகிறது. நம் ஊர் செல்லியம்மன் கோயில் பக்கத்து ஓட்டு வீட்டுக்குள் நுழைகிறான், பின்வாசலில் சதுரங்கப்பட்டினத்துக் கடல். வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு அதே வழியில் தினமும் அம்பாசடர் ஓட்டுகிறேன். அவன் ஒரு நொடியில் தாண்டுகிற தூரம் எனக்கு முக்கால் மணி நேரம், நடுவில் திருக்கழுக்குன்றத்தில் ஒரு டீ வேறு.

அம்மாவுக்குக் காட்டு. அதைக் கேட்கத்தான் எழுதினேன்.

காசி


மேலேரிப்பாக்கம்
22-1-2000

காசிநாதனுக்கு,

அடுப்பில் போடவில்லை, படித்தேன். ரெபேக்காள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. உன் கையெழுத்து அன்றும் கோழி கிளறினது, இன்றும் கோழி கிளறினது.

'நைனா வருகிற இடம்' என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? அதில் அவர் நடந்து வருகிறாரா? கை வீசுகிறாரா? ஒரு வார்த்தை பேசுகிறாரா? நான் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் சொன்னார்கள். மூக்கில் பஞ்சு, தாடையில் கட்டு, நெற்றியில் காசு. பாடையில் பிணமாகக் கிடக்கிறார். எவளோ ஒரு நடிகை பெண்டாட்டி என்று அவர் மேல் விழுந்து ஒப்பாரி வைக்கிறாள். இதைத்தான் நான் அம்மாவை உட்கார வைத்துக் காட்ட வேண்டுமா? தாலி அறுத்தவளுக்கு இன்னொரு தடவை அறுத்துக் காட்டச் சொல்கிறாய்.

அன்றைக்கு நான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வைஷாலியைப் பெற்றுக்கொண்டு கிடந்தேன். அம்மா என் பக்கத்தில் இருந்தாள். அதனால்தான் உன்னால் அவரைப் படுக்க வைக்க முடிந்தது. மறுநாள் பேத்தியைப் பார்க்க வந்தார். நெற்றியில் வட்டமாகச் சிவந்திருந்தது. 'இன்னாது இது?' என்று அம்மா கேட்டதற்கு, 'காசு ஒட்டினாங்க, கோந்து அரிக்குது' என்று சிரித்தார். பிணமாக நடித்தவரை எழுப்பி உட்கார வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுத்தால்தான் அந்தத் தோஷம் கழியும் என்று அந்தக் கம்பெனிக்காரர்களே ஊர் பூராவும் சொல்லியிருந்தார்கள். அம்மா அதைத்தான் உடனே கேட்டாள். எடுக்கவில்லை என்றார். அவ்வளவுதான், அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

ஆறு மாசம். தை முடியவில்லை, மோட்டார் கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியத்தன்று ஊர் முன்னால் உன்னைச் சொன்னேன், 'நீதான்டா அவரைப் பாடையில படுக்க வெச்ச' என்று. சொன்னதை நான் இன்னும் திரும்ப வாங்கவில்லை.

டிவி விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வண்டியை ஓட்டு.

தெய்வநாயகி


மாமல்லபுரம்
26-1-2000

அக்கா,

இன்று குடியரசு தினம், சவாரி நிறைய. இப்போதுதான் உட்கார்ந்தேன்.

நீ அங்கே இல்லை. அதனால் அன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை.

நான் அந்தக் கம்பெனிக்கு உள்ளூர் ஆள். கயிற்றுக் கட்டில் வேண்டும் என்றால் கட்டில், ஆடு வேண்டும் என்றால் ஆடு. வெள்ளாமை பொய்த்துச் செத்துப்போகிற குடியானவராக ஒரு நடிகரை மெட்ராசிலிருந்து கூட்டி வந்தார்கள். பாடையைப் பார்த்ததும் அவர், 'பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன், நான் படுக்க மாட்டேன்' என்று வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார். டைரக்டர் கத்தினார், கெஞ்சினார், ஒன்றும் நடக்கவில்லை. மேகம் வேறு கூடிக்கொண்டு வந்தது. டைரக்டர் கூட்டத்தைப் பார்த்தார். நரைத்த மீசையும் ஒட்டிய வயிறுமாக நைனா நின்றுகொண்டிருந்தார். 'இவரைக் கேளுய்யா' என்று என்னிடம் சொன்னார். கேட்டேன்.

நைனா என்ன சொன்னார் தெரியுமா? 'சும்மா படுத்துகினு இருக்கணும், அவ்ளோதானே? உங்கம்மா வூட்ல இல்ல, எனக்கு இன்னா வேலை?' என்றார். தானே போய்ப் படுத்தார். மூக்கில் பஞ்சு வைக்கும்போது தும்மல் போட்டு, பஞ்சு பறந்து மேக்கப்காரர் மேல் விழுந்தது. ஊரே சிரித்தது. அவருக்கு அவ்வளவு சந்தோஷம், அக்கா. காலையிலிருந்து வெயிலில் நின்று வேடிக்கை பார்த்தவருக்கு நிழலில் ஒரு இடம் கிடைத்தது.

ஷாட் முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கேமராவைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். பூசணிக்காயை மட்டும் மழையிலேயே உடைத்தார்கள். சிரிக்கிற ஷாட்டை மாபலிபுரத்தில் எடுத்துக்கலாம், பெரியவரை அங்கே கூட்டி வா என்றார்கள். மறுநாள் கூப்பிட்டால் நைனா பேத்தியைப் பார்க்கப் போய்விட்டார். அதோடு அவர்களும் மறந்தார்கள், நாங்களும் மறந்தோம். ஆனால் மழையில் எழுந்து உட்கார்ந்து நைனா சிரித்தார். எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். கேமராதான் ஓடவில்லை.

அதற்கும் அவர் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கிறது. படித்தவள், பால்வாடி டீச்சர், உன்னிடம் நான் என்ன பேசுவது?

ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணிக்கு.

காசி


மேலேரிப்பாக்கம்
1-2-2000

காசிநாதனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று நீ கேட்கும் முன் நானே எழுதிவிடுகிறேன். மாமா மூலமாக உனக்கு வேறு மாதிரி வரும்.

கேபிள் முனிசாமியைக் கூப்பிட்டு, ரெண்டு மணிக்கு நம் தெரு லைனைப் பிடுங்கிவிடு என்றேன். 'இன்னாக்கா நீ, ஞாயித்துக்கெழமை லைனைப் புடுங்கினா ஜனம் என்னை வுட்டு வெக்குமா? பேஜாராப் பூடும்' என்றான். 'உன் பொண்ணு என் பால்வாடியிலதானே இருக்குது' என்றேன். பிடுங்கினான்.

அம்மாவுக்குப் படம் வருவது எப்படியோ தெரிந்திருக்கிறது. காலையிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டாள். துவைத்த புடவை கட்டிக்கொண்டாள். பன்னிரண்டு மணிக்கே முக்காலியை இழுத்து டிவிக்கு ஒரு முழம் முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வலது கண்ணுக்கு அந்த முழம்தான் தூரம். ரெண்டு மணிக்குத் திரை பூராவும் வெள்ளைப் புள்ளி. தெருவில் எல்லாரும் முனிசாமியின் வம்சத்தைத் திட்டினார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. வரும், வரும் என்று அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். எனக்கு வேலை ஓடவில்லை.

மறுநாள் பூக்காரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 'உன் பொண்ணுதான் புடுங்கச் சொல்லிச்சாம்' என்று அம்மாவிடம் ஊதிவிட்டாள். அம்மா என்னைச் சத்தம் போட்டிருந்தால் தேவலை. 'என் கண்ணு போய்கினு கீது. அது போறதுக்குள்ள நீ லைனைப் புடுங்கிட்ட' என்றாள். அதற்கப்புறம் என்னிடம் பேச்சு இல்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறாள்.

நீ என்னை என்னவென்று நினைத்தாலும் சரி, நைனா முகத்துக்கு நானும் வழி பார்க்காமல் இல்லை. என் கல்யாணத்தில் எடுத்த படத்தில் பந்தக்காலுக்குப் பின்னால் அவர் முகம் பாதி தெரியும். வேறு போட்டோ ஏது அவருக்கு? அதைப் போன தீபாவளிக்குச் செங்கல்பட்டில் ஒரு ஸ்டுடியோவில் பெரிசாக்கக் கொடுத்தேன். மறைந்த பாதியை அவனே வரைந்துவிட்டான். மீசையை முறுக்கிவிட்டு, கோட்டு மாட்டி, டை கட்டி, பின்னால் ஒரு மாடிப்படி. அம்மா கிட்டத்தில் வைத்துப் பார்த்து, 'யாருடி இது, தாசில்தாரா? எடுத்துகினு போ. ஊர் பேர் தெரியாத ஆம்பளைக்கு நான் பூ வெக்க மாட்டேன்' என்றாள். பரணில் கிடக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான். கடைசியாகக் கண்ணில் நிற்கப் போகிற முகம் அப்படிக் கட்டுப் போட்டதாக இருக்க வேண்டுமா? அதற்கப்புறம் இருட்டு. அந்த இருட்டில் அம்மா எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று யோசித்தாயா?

தெய்வநாயகி


மாமல்லபுரம்
7-2-2000

அக்கா,

நம் ஊர் மளிகைக் கடைக்குப் போன் பண்ணினேன். 'அம்மா இங்கே வந்துவிட்டாள், பத்திரமாக இருக்கிறாள்' என்று கடைக்காரரிடம் சொன்னேன். உன்னைக் கூப்பிடட்டுமா என்றார், நீ வரமாட்டாய் என்று வேண்டாம் என்றேன். செய்தி வந்திருக்கும். மற்றதை எழுதுகிறேன்.

நேற்று ஞாயிறு. கோயிலுக்கு எதிரில் டாக்ஸி ஸ்டாண்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். 'காசிநாதன்னு ஒரு டிரைவரு, என் புள்ள, எந்த வண்டி?' என்று ஒரு குரல். திரும்பினால் அம்மா, கையில் மஞ்சள் பை. கண்டக்டரிடம் கேட்டுக் கேட்டு, திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாறி வந்திருக்கிறாள். எட்டு வருஷம் கழித்துப் பார்க்கிறாள், என் முகத்தைக் கையால் தடவினாள். 'இளைச்சிட்டியா, இல்ல என் கண்ணு அப்படிக் காட்டுதா?' என்றாள். நான் அழுதேன், ஸ்டாண்டில் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ரெபேக்காளைக் கிட்டே இழுத்து மூக்கு முட்டுகிற மாதிரி பார்த்துவிட்டு, 'நல்லாதான் கீறா. பேருதான் வாயில நொழையல, ரேவான்னு கூப்புடறேன்' என்றாள். மதியம் மீன் குழம்பில் உப்பு கம்மி என்றாள். ரெண்டு பேரும் ராசியாகிவிட்டார்கள்.

கை கழுவினதும் கேட்டாள். 'உங்கிட்ட கேசட்டு கீதாமே. மாப்ள சொன்னாரு. போடு.'

வீடியோ டெக் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

காசி


(அஞ்சலட்டை)

மேலேரிப்பாக்கம்
10-2-2000

காசி,

கடைக்காரர் வந்து சொல்கிற வரை நான் கிணறு குளமெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன். மாத்திரை காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று, சோற்றுக்கு முன். டீயில் சர்க்கரை கேட்பாள், கொடுக்காதே. கொடுக்கவில்லை என்றால் உன்னைத் திட்டுவாள், திட்டட்டும். 26-ஆம் தேதி சனிக்கிழமை மாமா வந்து கூட்டி வருவார். அதுவரை அம்மா உன் பொறுப்பு. டெக் ரிப்பேர் என்று எழுதியிருக்கிறாய். யாரை ஏமாற்றுகிறாய்?

தெய்வா


மாமல்லபுரம்
21-2-2000

அக்கா,

டெக்குக்கு ஒன்றும் இல்லை. நன்றாக ஓடுகிறது.

சவாரி இல்லாத நாளெல்லாம் அம்மாவை வண்டியில் உட்கார வைத்துப் படம் எடுத்த இடத்தையெல்லாம் காட்டினேன். சவுக்குத் தோப்பு, சதுரங்கப்பட்டினம் கடல், அண்ணன்காரன் உட்கார்ந்து அழுகிற பாறை. முதல் ரெண்டு இடத்திலும் இறங்கிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, 'உங்க நைனா இங்க வந்தாரா?' என்பாள். இல்லம்மா, அவர் நம்ம ஊரில்தான் என்பேன். 'அப்ப இன்னாத்துக்கு என்னை இங்க இட்டுகினு வந்த?' என்பாள். மூன்றாவது இடத்தில் வண்டியை விட்டே இறங்கவில்லை. வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன்.

போன வியாழக்கிழமை தப்பிக்க வழி இல்லாமல் கேசட்டைப் போட்டேன். அம்மா தரையில், டிவிக்கு முன்னால். சைக்கிள் வந்தது, கடல் வந்தது. அம்மா எதையும் கேட்கவில்லை, காத்துக்கொண்டிருந்தாள். தெருவில் பறைச் சத்தம் கேட்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். நாடா சிக்கிவிட்டது என்றேன்.

உனக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். இந்தப் படத்தை இத்தனை தடவை பார்த்தேன் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்கிறேன். அந்தக் காட்சியை ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. தியேட்டரில் பறைச் சத்தம் கேட்டதும் எழுந்து வெளியே போய் டீ குடிப்பேன். வீட்டில் அந்த இடத்தை வேகமாக ஓட்டித் தாண்டிவிடுவேன். அம்மாவுக்குக் காட்டச் சொல்லி உனக்கு எழுதினவன் நான்தான். என்னால் முடியவில்லை.

அம்மாவுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. 'அவளுக்கும் தில் இல்ல, உனக்கும் தில் இல்ல. ரெண்டு பேரும் உங்க நைனாவைப் பார்த்து பயந்துகினு கீறீங்க. அவரு இன்னா பேயா?' என்று கேட்டாள். ரெபேக்காள் எனக்குப் பதிலாக, 'நான் போடறேன் அத்த' என்றாள். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். பெற்ற பிள்ளைகளில் ஒருத்தர் போட்டால்தான் பார்ப்பாளாம்.

சனிக்கிழமை மாமாவோடு அனுப்புகிறேன். கேசட் அம்மாவின் மஞ்சள் பையில் இருக்கிறது. டெக்கை மாமா சிங்கப்பெருமாள் கோயில் பஜாரில் வாடகைக்கு எடுத்துக்கொள்வார். போடுவதும் போடாததும் உன் இஷ்டம். போடவில்லை என்றாலும் இனிமேல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

காசி


மேலேரிப்பாக்கம்
28-2-2000

தம்பி காசிக்கு,

நேற்று மதியம் போட்டேன்.

மாமாவை வெளியே போகச் சொல்லிவிட்டேன். வைஷாலியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன். கதவைச் சாத்தினேன். நானும் அம்மாவும் மட்டும்தான். நாலு வாரத்துக்கு அப்புறம் அம்மா என்னிடம் முதலில் பேசின பேச்சு, 'முக்காலியை இன்னும் கிட்ட போடு' என்பதுதான்.

நம் ஏரிக்கரை வந்தது. அந்த ஓட்டு வீடு வந்தது, இப்போது அது காங்கிரீட் ஆகிவிட்டது. அவன் உள்ளே நுழைந்ததும் கடல் வந்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, நீ எழுதியிருந்தது ஞாபகம் வந்து. பிறகு பறைச் சத்தம் கேட்டது. எழுந்து அடுப்படிக்குப் போகலாம் என்று பார்த்தேன். அம்மா என் முந்தானையைத் தொடைக்கடியில் போட்டு அழுத்தி வைத்திருந்தாள். தெரிந்துதான் செய்தாளோ என்னவோ. கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த நடிகை ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள். நீளமான ஒப்பாரி. அம்மாவும் அழுவாள், அடித்துக்கொள்வாள், பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தயாராக இருந்தேன். அம்மாவிடமிருந்து சத்தமே இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், அவள் முகம் திரையில் ஒட்டுகிற மாதிரி இருக்கிறது. ஒரு விரலைத் திரை மேல் வைத்திருக்கிறாள்.

'அடியே தெய்வா, இங்க பாரு. மாலை ஆடுது' என்றாள்.

எனக்குப் புரியவில்லை. காற்றுக்கு ஆடும் என்றேன்.

'அய்ய, காத்தா? நல்லாப் பாரு. சாமந்தி மாலை ஏறுது, எறங்குது. மூச்சு வுட்டுகினு கீறாருடி உங்க நைனா!'

பார்த்தேன், காசி. எட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன். படம் பார்க்கிற ஜனம் எல்லாம் அந்த நடிகையைத்தான் பார்த்திருக்கும். கேமராவும் அவளைத்தான் பார்க்கிறது. பின்னால் ஓரத்தில் நைனா. மாலை மெதுவாக மேலே வருகிறது, இறங்குகிறது. மூக்கில் பஞ்சு இருக்கிறதல்லவா, வாயால் விடுகிறார். நம் வீட்டில் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் எப்படி விடுவாரோ, அதே மாதிரி, உதடு கொஞ்சம் திறந்து. நிழலில் இடம் கிடைத்தது என்று எழுதினாயே, அசந்து தூங்கியிருக்கிறார். ஊர் கூடி நின்று இழவு எடுக்கும்போது மனுஷன் தூங்கியிருக்கிறார்.

நான் அழுதேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அம்மா அழவில்லை. 'கத்தாத, பாக்க வுடு' என்று என்னை அதட்டினாள்.

திருப்பிப் போடச் சொன்னாள். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னாள். அந்த இடத்திலேயே ஓட்டி ஓட்டிப் போட்டேன், சாயங்காலம் மாமா கதவைத் தட்டுகிற வரை. முகத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. கட்டுப் போட்ட தாடையையும் காசையும் அவள் பார்த்த மாதிரியே தெரியவில்லை. அந்த மாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். 'தோ, இப்ப வுடுவாரு பாரு' என்பாள். விடுவார். 'பாத்தியா?' என்பாள்.

காரியத்தன்று ஊர் முன்னால் நான் உன்னைச் சொன்னது பொய். நீ படுக்க வைத்தது உயிரோடு இருந்தவரை. நம் ரெண்டு பேரிடமும் அவர் உயிரோடு இருந்ததற்கு வேறு சாட்சி இல்லை, ஒரு நல்ல போட்டோ கூட இல்லை. அதை நீ அன்றைக்கு எடுக்க வைத்திருக்கிறாய். ஊரைக் கூட்டிச் சொல்ல எனக்கு இப்போது வழி இல்லை. கடிதத்தில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ரெபேக்காளை அழைத்துக்கொண்டு வா. டெக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். நீயும் பார்க்க வேண்டும். பறைச் சத்தம் வந்ததும் வாசல் பக்கம் நழுவினால் காலை ஒடிப்பேன்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், வந்து ஆச்சரியப்படாதே. இப்போது எங்கள் வீட்டில் அந்த இடத்தைச் சத்தமில்லாமல்தான் போடுகிறோம். நேற்று நாலாவது தடவை போட்டபோது அம்மா என் பக்கம் திரும்பி, 'சத்தத்தைக் கொறைடி. அவ ஏன் இப்டி கத்தறா? மனுஷன் தூங்கிகினு கீறாரு' என்றாள்.

அக்கா
தெய்வநாயகி